எதிர்த்தரப்பை முதலில் எழுது

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த முன்னறையில் இருந்தவர்கள்: அண்ணன், அதாவது ஊரே வாத்தியார் என்று கூப்பிடும் ஆள், கையில் டீயை ஆறவிட்டுக்கொண்டு அண்ணி, இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்திருந்த சின்னவள். சுவருக்கு அந்தப் பக்கம், தொலைக்காட்சியை அலறவிட்டபடி அப்பா. பேச்சு அவரைப் பற்றித்தான். ஆனாலும் அவரை அடுத்த அறையில் உட்கார வைக்கலாம் என்றது அண்ணன். "வயசானவருக்கு எதுக்கு டென்ஷன்" என்றான். தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் ஒரு மனிதனுக்கு நிம்மதி என்று அவன் எங்கே படித்தானோ, சின்னவளுக்குத் தெரியவில்லை.

முன்னறைதான் வகுப்பறை. கால் ஆடும் நீள பெஞ்சுகள், ஒரு வெள்ளைப் பலகை, தேர்வில் தேறியவர்கள் அண்ணனோடு நின்று பல்லைக் காட்டும் புகைப்படங்கள். வேலைக்கான தேர்விலும் பதவி உயர்வுத் தேர்விலும் ஒரு கட்டுரை வரும். ஏதாவது ஒரு கட்சியை எடுத்துக்கொண்டு வாதாடி எழுத வேண்டும். அந்த ஒரு கட்டுரையை மட்டும் சொல்லிக் கொடுத்துச் சோறு தின்கிற ஆள் ஊரிலேயே அண்ணன் ஒருவன்தான். பலகையில் காலை வகுப்பின் தலைப்பு பாதி அழிந்து கிடந்தது: கைப்பேசி வரமா, சாபமா. இத்தனை வருடத்தில் எத்தனையோ கைப்பேசிகள் வந்து போய்விட்டன, கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு "மனிதன் தோன்றிய காலம் தொட்டு" என்று ஆரம்பித்து எழுதிய தாள்கள் அலமாரியில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. மனிதன் தோன்றிய காலத்தில் கைப்பேசி எங்கே இருந்தது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை போலும்.

சின்னவள் பொட்டலங்களைத் தரம் பிரிக்கும் கிடங்கில் இரவு வேலை பார்ப்பவள். கல்லூரியை இரண்டாவது வருடத்தில் விட்டவள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் விட்டாள் என்று உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அது பொய். பிடிக்கவில்லை, விட்டாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. இடது கை தொங்கிப் போய், இடது கால் இழுக்க, ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு அவர் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அவள் வீட்டில் இடம் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இப்போது அவளுக்கு வேறு ஊரில், புதிதாகத் திறந்த கிடங்கில், பகல் வேலை கிடைத்திருந்தது. தங்க இடம் தருவார்கள். ஒரு அறையில் இரண்டு பெண்கள், வீட்டு மனிதர்களைக் கூட்டிவரக் கூடாது. மறுநாள் காலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இரவில் தூங்குவது எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அண்ணனிடம் போனில் சொன்னபோதெல்லாம், "நேர்ல வா, உக்காந்து பேசலாம்" என்றான். வந்துவிட்டாள். உட்கார்ந்தும் விட்டாள். அவன் மார்க்கரைத் திறந்துகொண்டு நின்றான்.

"உணர்ச்சிவசப்படாம பேசுவோம்" என்றான்.

"யாரு உணர்ச்சிவசப்பட்டா?"

"இதோ. இதத்தான் சொல்றேன்."

பலகையைத் துடைத்தான். நடுவில் ஒரு கோடு இழுத்தான். இந்தப் பக்கம், அப்பா சின்னவளிடம் இருப்பதே நல்லது. அந்தப் பக்கம், அப்பா இங்கே வர வேண்டும். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. பெற்ற அப்பனைப் பற்றி எழுதுகிறோம் என்று கை கொஞ்சமும் தடுமாறவில்லை.

"இது என் கட்சி. அது உன் கட்சி. சரியா? இப்ப மாத்திக்கலாம். நீ எனக்காகப் பேசு. நான் உனக்காகப் பேசறேன்."

"எதுக்கு?"

"எதிர்த்தரப்ப முதல்ல எழுதாதவன் கட்டுரை எழுதல, சண்டை போடறான். வகுப்புல எல்லாருக்கும் இதான் முதல் பாடம்."

"மார்க்கெல்லாம் போடுவியா?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் முகத்தைப் பார்த்து அதை டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

இது அவனுடைய வித்தை. சின்னவளுக்கு அது பழசு. ஒருத்தனை அவனுக்கே எதிராகக் கொஞ்ச நேரம் பேச வைத்தால் ஆள் இளகிவிடுவான், பாதிப் பேர் கட்சியே மாறிவிடுவார்கள் என்று விருந்துகளில் சொல்லிப் பெருமைப்படுவான். தொப்பியிலிருந்து முயல் எடுக்கிறவனாவது அது முயல்தான் என்று காட்டுவான். இவன் உன் வாயிலிருந்தே எடுத்து, உன்னுடையதுதான் என்று உன்னிடமே கொடுப்பான். அவள் வாயாலேயே அப்பாவை அவள் தலையில் கட்டப் பார்க்கிறான். தெரிந்தும் சரி என்றாள். வேண்டாம் என்று சொல்லக்கூட உடம்பில் தெம்பு வேண்டும்.

"அப்பா என்கூடயே இருக்கட்டும்" என்று ஆரம்பித்தாள். "ஏன்னா, அண்ணா வீட்டுல இடமில்ல."

"அது பலவீனமான காரணம். அடுத்தவன் ஒரே வரில உடைச்சிடுவான்."

"நீதான போன்ல சொன்ன?"

"போன்ல சொல்றது வேற. நிக்கற மாதிரி சொல்லு."

"சரி. வகுப்புக்கு நாலு பேர் வந்து போற இடம். அவங்க முன்னாடி அப்பா கால இழுத்துக்கிட்டு, பட்டன் போடாத கால்சட்டையோட கக்கூசுக்குப் போனா வாத்தியார் மானம் போயிடும். நிக்குதா?"

அண்ணன் மார்க்கரின் மூடியைத் திருகினான்.

"அப்புறம், அண்ணிக்கு அந்த மருந்து வாசன ஆகாது."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றாள் அண்ணி.

"நான் உங்க கட்சிதான் பேசறேன் அண்ணி. குறுக்க வராதீங்க."

"கொச்சையா இருக்கு" என்றான் அண்ணன். "ஆனா பரவால்ல. ஓட்டம் இருக்கு. இன்னொரு காரணம் சொல்லு. உன் சைடுலேர்ந்து யோசி. அப்பாவுக்கு எது நல்லதுன்னு."

சின்னவள் யோசித்தாள். யோசித்திருக்கக் கூடாது. தூக்கம் இல்லாத தலையில் கதவுகள் ஒழுங்காகச் சாத்தியிருக்காது.

"அவருக்கு என் நேரம் பழகிடுச்சு" என்றாள். "நான் விடியக்காலைல வரும்போது முழிச்சிட்டுத்தான் இருப்பார். தூங்கற மாதிரி கண்ண மூடிப்பார். நான் படுத்தப்புறம் எழுந்திருப்பார். எனக்குத் தூக்கம் கலைஞ்சிடக் கூடாதுன்னு அந்த ஒத்தக் கைய வச்சிக்கிட்டு டம்ளரக்கூட சத்தமில்லாம கீழ வைப்பார். மத்தியானம் வரைக்கும் இருமல அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பார்."

"சான்று!" என்று அண்ணன் பலகையில் எழுதினான். 'டம்ளர்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான். "பாத்தியா? இத நான் சொல்லல. நீயே சொன்ன. இப்படி ஒரு மனுஷன அங்கேர்ந்து பிடுங்கி இங்க நட்டா தாங்குவாரா?"

தன் பைக்குள் யாரோ கையை விட்டுத் துழாவியது போல அவளுக்கு இருந்தது. ஆனாலும் அவன் வித்தை பலித்திருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, போகாவிட்டால்தான் என்ன என்று நினைத்தாள். இத்தனை நாள் ஓட்டவில்லையா. பகல் தூக்கமும் தூக்கம்தானே. அப்போதே அண்ணன் மார்க்கரை மூடி வைத்துவிட்டு, "யோசிச்சுப் பாரு" என்று சொல்லி உள்ளே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து, மூன்று மாடி ஏற்றி, பழையபடி படுக்கப் போயிருப்பாள்.

அழைப்பு மணி அடித்தது.

மதிய வகுப்புக்காரர்கள் இரண்டு பேர் முன்னதாகவே வந்துவிட்டார்கள். ஒருவர் நூலக உதவியாளர். பதவி உயர்வுக்காக நான்காம் முறை எழுதுகிறவர், தலையில் முடியெல்லாம் போய் நம்பிக்கை மட்டும் மிச்சமிருப்பவர். இன்னொருத்தி பல் மருத்துவரிடம் வரவேற்பறையில் இருக்கும் பெண். எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்வாள். இருவரும் பலகையின் நடுக்கோட்டைப் பார்த்ததும், பழகிய மாடு தொட்டியைப் பார்த்த மாதிரி, பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்கள்.

"என்ன சார், மாத்திப் பேசறதா? யாரு எந்தக் கட்சி?" என்றார் நூலகக்காரர், தொலைக்காட்சி இரைச்சலுக்கு மேல் கத்தி.

அண்ணன் பலகையைத் துடைத்திருக்கலாம். குடும்ப விஷயம், அரை மணி கழித்து வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சின்னவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் ஆன அந்த முகம் இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்றதும் பொங்கிய விதத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"என் தங்கை என் கட்சியப் பேசி முடிச்சிட்டாங்க" என்றான். அவளுக்கு மரியாதை எல்லாம் கொடுத்தான். "இப்ப நான் அவங்க கட்சி. எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லாத கட்சி. அத எப்படிப் பேசணும்னு பாருங்க." பிறகு அண்ணியிடம், "அந்த டிவிய நிறுத்தேன், வகுப்பு நேரம்" என்றான்.

அண்ணி போய் நிறுத்திவிட்டு வந்தாள். வீடு திடீரென்று சின்னதாகிவிட்டது.

"அப்பா இனிமே என்கூடத்தான் இருக்கணும்" என்றான் அண்ணன். வகுப்புக் குரல். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பும் குரல். "இதுல பேச்சுக்கே இடமில்ல. முதல் விஷயம், இவ ராத்திரி வேலைக்குப் போறா. ஊர் அடங்கினப்புறம் அந்த மனுஷன் தனியா கிடக்கறார். விழுந்தா தூக்க ஆளில்ல. நானும் என் மனைவியும் ராத்திரி இங்கதான் இருக்கோம். கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடி வருவோம்."

அண்ணி டீக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"ரெண்டாவது, இவ வீடு மாடில. லிஃப்ட் கிடையாது. அவர் தெருவப் பாத்து எவ்வளவு நாளாச்சு? என் வீடு தரையில. வாசல்ல நாற்காலியப் போட்டா போற வர்றவங்களோட பேசலாம். வெயில் படும். மனுஷனுக்கு மருந்த விட மனுஷங்கதான் வேணும்."

வரவேற்பறைப் பெண் கடைசி வரியைக் குறித்துக்கொண்டாள்.

"மூணாவது." குரலைத் தாழ்த்தினான். தாழ்த்துவதும் பாடத்தில் இருப்பதுதான். "நான் இன்னிக்கு நாலு பேர் முன்னாடி நின்னு பேசறேன்னா, அதுக்குக் காரணம் எங்கப்பா. சின்ன வயசுல நான் எதச் சொன்னாலும், ஆதாரம் என்னடான்னு கேப்பார். எடைமேடையில வேல பாத்தவர். லாரிக்காரன் சொல்றத நம்ப மாட்டார், முள் சொல்றதத்தான் நம்புவார். எனக்கு வாதாடச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவருக்கு நான் செய்யாம யார் செய்யறது?"

சின்னவள் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டாள். அப்பா எடைமேடையில் வேலை பார்த்தது ஒன்றுதான் அதில் நிஜம். ஆதாரம் என்ன என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "வாய மூடறியா இல்லயா" என்று கேட்பார். இவன் மூட மாட்டான். அடி விழும். சான்று கையில் இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள், திருத்துகிறவன் வீட்டுக்கு வந்து விசாரிக்கப் போவதில்லை என்று அண்ணன் வகுப்பில் சொல்வான். இதுவும் அப்படி உண்டாக்கியதுதான். அடி வாங்கின வீட்டிலிருந்து பாராட்டு வாங்கின வீடு ஒன்றைக் கட்டி, அதில் பொய்க்கண்ணீரும் கொஞ்சம் தெளித்திருந்தான்.

"மறுப்பு?" என்றான் அவளைப் பார்த்து, கையை நீட்டி. "சொல்லுங்க."

"முடியாது" என்றாள். "அப்பா என்கூடத்தான் இருப்பார்."

"விட மாட்டீங்க?"

"விட மாட்டேன்."

"சரி. அவங்க ஒரு சான்று சொன்னாங்க." பலகையில் 'டம்ளர்' மேல் மார்க்கரால் தட்டினான். "மக தூங்கறான்னு அப்பா டம்ளரக்கூட சத்தமில்லாம வைக்கறாராம். இருமலயும் அடக்கிக்கறாராம். கேக்க உருக்கமாத்தான் இருக்கு. நான் கேக்கறேன், இருமக்கூட பயப்படற இடத்துல ஒரு மனுஷன வச்சிக்கறதுக்குப் பேரு பாசமா? ஜெயிலா?"

"அடடா" என்றார் நூலகக்காரர். கையைத் தட்டியும் விட்டார். வரவேற்பறைப் பெண்ணும் தட்டினாள்.

சின்னவளுக்கு அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. அடித்தவன் எங்கே அடித்தோம் என்று அறியாமல் அடித்தது, ஆனாலும் விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கைதட்டல் நின்றபோது குச்சி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது.

அப்பா உள்வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் மேல் பட்டன் போட்டிருக்கவில்லை. இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது பக்கவாதம் வந்ததிலிருந்தே வழிவதுதான். வலது கண்ணிலும் வழிந்தது. அது புதிது.

"போதும்டா" என்றார். "அவள விடு. பாவம், அழறா பாரு."

சின்னவள் அழவில்லை. இரவு வேலை பார்க்கிறவள் கண் எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். யாரும் அதைத் திருத்தவில்லை.

"ரெண்டு பேரும் என்ன நடுத்தெருவுல விட்டுடுவீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார் அப்பா. "பஞ்சாயத்து வைக்கறாங்க, எவன் தலையில கட்டறதுன்னு பேசறாங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் டிவிய சத்தமா வச்சேன், காதுல விழ வேணாம்னு." குச்சியைத் தள்ளி ஊன்றினார். "எனக்காக இப்படி அடிச்சிப்பீங்கன்னு தெரியாது."

அண்ணன் வாயைத் திறந்தான்.

"ஆதாரம் கேட்டேன்னு சொன்னியே" என்றார் அப்பா. "நான் கேட்டதில்லடா. அடிச்சிருக்கேன். நல்லா அடிச்சிருக்கேன். நீ எப்படி அத இப்படி வச்சிருக்கியோ, எனக்குத் தெரியல." மூச்சு வாங்கினார். "ஜெயிச்சிட்ட. நல்லாப் பேசின. நான் உன்கூடயே இருக்கேன்."

அண்ணன் முகத்தில் நடந்ததைச் சின்னவள் முழுசாகப் பார்த்தாள். முதலில் திகில். அது புரிந்தது. அதற்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது. நல்லாப் பேசின. அந்த ஒரு வார்த்தைக்காக ஐந்து வயதிலிருந்து வாயைத் திறந்துகொண்டே இருந்தவன். அது கிடைத்துவிட்டது, கிடைத்த இடத்தில்தான் கண்ணியும் இருந்தது. காதுவரை சிவந்துபோய், பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டவனைப் போல அசட்டுத்தனமாக நின்றான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இல்ல தாத்தா," வரவேற்பறைப் பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "சார் இத சும்மா ஒரு—"

"உங்க மாத்திரையெல்லாம் என் பையில இருக்குப்பா" என்று சின்னவள் குறுக்கே விழுந்தாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "ராத்திரிக்கு வேண்டியது இருக்கு. துணிமணிய நாளைக்கு அனுப்பறேன்."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவளுக்கு எப்போது மூட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"அண்ணா" என்றாள் சின்னவள். "நிஜமாத்தான் சொல்றியா?"

அவனுக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுகிற மாதிரி கேட்டாள். அந்த வாசலில் அப்பா குச்சியோடு நின்றுகொண்டிருக்கிறார் என்பது தெரிந்தேதான் கேட்டாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற வாத்தியார் அவளைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். பலகையில் இரண்டு கட்சியும் அவன் கையெழுத்திலேயே இருந்தன.

"ஆமா" என்றான். "நிஜமாத்தான்."

அப்பா கடைசி பெஞ்சுக்கு இழுத்து இழுத்து நடந்து வந்து உட்கார்ந்தார். குச்சியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். "நீ நடத்துடா. நான் பேசாம கேட்டுக்கிட்டிருக்கேன்." சின்னவளைப் பார்த்து, "நீ போய்த் தூங்கு. கண்ணு எப்படி இருக்கு பாரு" என்றார். அவள் மாத்திரை டப்பாவை அவர் பக்கத்தில் வைத்தாள். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். போகிற ஊரைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் சொல்வான் என்று நினைத்தாள், சொல்ல மாட்டான் என்றும் தெரிந்தது.

அண்ணி வாசல் வரை வந்தாள். சின்னவள் செருப்பை மாட்டும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மனசு குளிர்ந்துதா?" என்றாள் பிறகு.

"அண்ணாதான பேசினான்."

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இது விளையாட்டுப்பான்னு."

"நீங்களும் அங்கதான இருந்தீங்க அண்ணி."

அண்ணி தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் கை கால் இருக்கிறது, இன்றைக்கு ராத்திரியிலிருந்து அந்தக் கைகள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அவள் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. பலகையின் எந்தப் பக்கத்திலும் அவள் பெயர் இல்லை. சின்னவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன, செருப்பு மாட்டியாகிவிட்டது.

உள்ளே அண்ணன் தொண்டையைச் செருமினான். "கவனிங்க. இப்ப இந்த வாதத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். பெஞ்சுக்கால் ஒன்று ஆடியது. பிறகு, எதையும் அடக்கிக்கொள்ளாத, நீளமான, கபம் கட்டிய ஒரு இருமல் அந்த அறை முழுவதும் கேட்டது. முடியும் வரை அண்ணன் காத்திருந்தான். அது முடிகிற மாதிரி இல்லை.

சின்னவள் படியிறங்கித் தெருவில் கால் வைத்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. இருமலுக்கு நடுவில் அப்பாவின் குரல், "அவ போயிட்டாளா?" என்று யாரையோ கேட்டது. அவள் திரும்பினாள். அண்ணி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. பட்டப்பகலில், வகுப்புக்கு இன்னும் ஆட்கள் வர இருக்கும்போதே, சாவி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பூட்டியது.